மொட்டை மாடியில் மேய்ந்த ஆடு

லால்குடியில் எங்கள் வயல் வரப்பில் அருகம்புல்லைக் கண்டால் அப்பாவுக்கு ஆகாது. மண்வெட்டியால் கொத்துவார், கையால் பிடுங்குவார், பிடுங்கியதை வெயிலில் காயப்போடுவார். மறுவாரம் அது அதே இடத்தில் பச்சைப்பசேலென்று நிற்கும். கல்யாண வீட்டில் யாராவது "ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரூன்றி" என்று வாழ்த்த ஆரம்பித்தால், "அருகை விடுங்க, வேற ஏதாவது சொல்லுங்க" என்பார். அப்பேர்ப்பட்ட மனிதருக்குப் பிறந்த நான் பிஎச்.டி.க்கு எடுத்துக்கொண்டது அருகம்புல். தொட்டியில் வைத்து, மண் சலித்துப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் லேபிள் ஒட்டி வளர்த்தேன். போட்டோ எடுத்து அனுப்பியதும் அப்பா போன் செய்தார். "நம்ம வயல்லயே கெடக்கேம்மா. லாரி வெச்சு அனுப்பட்டுமா?"

உண்மையில் என் ஆராய்ச்சி புல்லைப் பற்றியதுகூட இல்லை. புல்லுக்குள் குடியிருக்கும் ஒரு பூஞ்சையைப் பற்றியது. தண்டுக்குள்ளும் இலைக்குள்ளும் நூல் நூலாக ஓடும். வெளியே தலைகாட்டாது, புல்லுக்கு நோயும் தராது. புல் அதற்குச் சாப்பாடு போடும். அது பதிலுக்குச் சில ரசாயனங்களைச் செய்து கொடுக்கும். வறட்சியைத் தாங்க உதவுவது சில, மேய வருகிற வாய்க்குக் கசப்பது சில. வாடகை ஒழுங்காகத் தருகிற நல்ல குடித்தனக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நானும் அப்போது குடித்தனக்காரிதான். ஸ்ரீரங்கத்தில், சித்திரை வீதி வீடு ஒன்றின் மாடி ரூமில் இருந்தேன். கீழே வீட்டுக்கார மாமாவும் மாமியும் மட்டும். மாமா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெருமாளைத் தவிர வேறு வாசலை மிதிக்காத வம்சம் என்று மாமி முதல் நாளே சொல்லிவிட்டார். முட்டை கூடாது, வெங்காயம் மாடி ரூமை விட்டுக் கீழே இறங்கக் கூடாது என்பவை அடுத்து வந்தன. நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். பிறகு என் ஆராய்ச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டி வந்தது.

"பூஞ்சைன்னா பூசணம்தானே?" என்றார் மாமி.

"ஆமா மாமி."

"ஊறுகாய் ஜாடியில ஈரக் கரண்டியப் போட்டா வருமே, அதா?"

"அதுக்குத் தூரத்துச் சொந்தம்."

"அதுக்கா டாக்டர் பட்டம் குடுக்கறா? அப்போ நான் எப்பவோ வாங்கியிருக்கணும்."

தொட்டிகள் முதலில் கல்லூரி வளாகத்தில்தான் இருந்தன. ஒரு வெள்ளிக்கிழமை யாரோ கேட்டைத் திறந்துவைக்க, ஆடு ஒன்று புகுந்து மூன்று மாத உழைப்பை அரைமணி நேரத்தில் மென்றுவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது அது லேபிளைத் தின்றுகொண்டிருந்தது. அதன் பிறகுதான் மாமாவிடம் கெஞ்சி, மொட்டை மாடியில் கண்ணாடிக் காகிதக் கூரை போட்டுத் தொட்டிகளை வைத்தேன். ஸ்ரீரங்கத்தில் மாடு தெருவில் வரும், மாடிக்கு வராது என்பது என் நம்பிக்கை.

இரண்டு வரிசை. ஒரு வரிசைக்குத் தினமும் தண்ணீர். இன்னொரு வரிசைக்குச் சொட்டுக்கூடக் கிடையாது. அந்த வரிசைக்கு முன்னால் 'தண்ணீர் ஊற்றாதீர்கள்' என்று அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்தேன். அந்த வரிசையில் ஒரு தொட்டிக்கு மட்டும் இடம் போதாமல், அதைச் சின்டெக்ஸ் டேங்குக்குப் பின்னால் தள்ளி வைத்தேன். வறட்சியில் பூஞ்சை என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி.

கேள்விக்கு அவசரமும் இருந்தது. என் கைடு அந்த மே மாதம் ஓய்வு பெறப்போகிறவர். கைலாசபுரம் டவுன்ஷிப்பில் தொழிற்சாலைச் சங்குச் சத்தத்தில் வளர்ந்தவர் என்பதால் எதையும் அளந்துதான் பேசுவார், அளந்துதான் சிரிப்பார். அவர் போவதற்குள் நான் தீசிஸைக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால் என்னை வேறொருவரிடம் மாற்றிவிடுவார்கள். அந்த வேறொருவர் தவளைகளை ஆராய்கிறவர். நாலு வருஷப் புல்லை விட்டுவிட்டுத் தவளைக் குஞ்சிலிருந்து ஆரம்பிக்கும் தெம்பு எனக்கு இல்லை. நினைத்தாலே அழுகை வரும்.

அதனால் பொறுப்பாகவே இருந்தேன். திங்கட்கிழமைதோறும் மண்ணின் ஈரத்தை அளந்தேன். காயப்போட்ட வரிசையில் மண் காய்ந்துதான் இருந்தது. ஆனால் புல் வாடவில்லை. டேங்குக்குப் பின்னால் இருந்தது மட்டும் மஞ்சளடித்துச் சுருண்டுபோனது, அதைச் சோப்ளாங்கி என்று ஒதுக்கினேன். மற்றதெல்லாம் கொழுகொழுவென்று நின்றன. ஆகா, பூஞ்சை அல்லவா காப்பாற்றுகிறது என்று எனக்கே புல்லரித்தது.

ஒரு வியாழக்கிழமை இலைகளை வெட்டி, உறையவைத்து, அரைத்து, ஆர்.என்.ஏ.வைப் பிரித்து அனுப்பினேன். சில வாரங்களில் கோடிக்கணக்கான எழுத்துகளாக அது என் கணினிக்குத் திரும்பி வந்தது. இனி வேலை கணினிக்கு. எது புல்லின் எழுத்து, எது பூஞ்சையின் எழுத்து என்று முதலில் பிரிக்க வேண்டும். பிறகு எந்த ஜீன் எவ்வளவு வேலை செய்துகொண்டிருந்தது என்று எண்ண வேண்டும்.

இதை மாமியிடம் நான் விளக்கியது இப்படி: ஒவ்வொரு வீட்டிலும் எல்லாச் சமையலும் தெரியும், ஆனால் இன்றைக்கு எதைச் சமைக்கிறார்கள் என்பது தெருவில் நடந்தால் தாளிக்கும் வாசனையில் தெரிந்துவிடும். ஜீன் என்பது தெரிந்த சமையல். எக்ஸ்பிரஷன் என்பது இன்றைய வாசனை. கணினிதான் என் மூக்கு.

"அப்படின்னா நீ அடுத்தாத்து அடுக்களைய மோந்து பாக்கறே," என்றார் மாமி. நாலு வருஷத்தில் என் துறைக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை யாரும் தரவில்லை.

திரையில் ஒவ்வொரு தொட்டியும் ஒரு புள்ளியாக வரும். ஒரே மாதிரி நடந்துகொள்ளும் தொட்டிகள், பந்தியில் சொந்தக்காரர்கள் சேர்ந்து உட்காருவதுபோல், பக்கத்தில் பக்கத்தில் உட்காரும். எனக்கு வந்த படத்தில் தண்ணீர் வரிசை ஒரு பக்கம், காய்ந்த வரிசை இன்னொரு பக்கம் என்று சுத்தமாகப் பிரிந்திருந்தன. கத்தியே விட்டேன். டிபார்ட்மென்ட் முழுக்க மைசூர்பாகு கொடுத்தேன். கைடு சார் ஒரு துண்டை எடுத்து, பாதியை உடைத்து வைத்துவிட்டு, "எந்தெந்த ஜீன்னு பார்த்தியா?" என்றார்.

பார்க்கவில்லை. பார்த்தபோது மைசூர்பாகு கசந்தது.

வறட்சி வந்தால் எழ வேண்டிய ஜீன்கள் எல்லாம் குறட்டை விட்டுக்கொண்டிருந்தன. காயம் பட்டால் எழும் ஜீன்கள் எழுந்து உட்கார்ந்திருந்தன. பூஞ்சையின் பக்கம் இன்னும் மோசம். மேய வருகிறவர்களை விரட்டும் கசப்பு மருந்தை அது அடுப்பை முழுசாக ஏற்றிவைத்துக் காய்ச்சிக்கொண்டிருந்தது. முதலில் சந்தோஷத்தில் நான் கவனிக்காத ஒரே ஒரு புள்ளி மட்டும் இரண்டு கூட்டத்திலும் சேராமல் மூலையில் தனியாக நின்றது. டேங்குக்குப் பின்னால் இருந்த சோப்ளாங்கி. அதில் வறட்சி ஜீன்கள் எல்லாம் விழித்திருந்தன, காயமே இல்லை.

பைல் பெயரை மாற்றிப் போட்டிருப்பேன் என்று நினைத்துத் திரும்ப ஓட்டினேன். வேறு புரோகிராமில் ஓட்டினேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள், எனக்கு ஆடாய் முடிந்தது. எத்தனை தடவை கேட்டாலும் பூஞ்சை ஒரே சாட்சியைத்தான் சொன்னது: மொட்டை மாடியில் ஆடு மேய்கிறது. அதுவும் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகிற ஆடு.

மாமிக்கு முழங்கால் வலி. மாடிப்படியைப் பார்த்தாலே முகத்தைச் சுளிப்பார். மாமாவிடம் கேட்டேன். "நானா? மொட்டை மாடியா?" என்று அவர் ரயில்வே விசாரணைக்கு உட்பட்டவர்போல் விறைத்துக்கொண்டார். ஆடு அவர்தான், சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிட்டது. என்றைக்கு என்பதுதான் தெரியவில்லை. மண்ணின் ஈரக் கணக்கைத் திரும்பப் பார்த்தேன். திங்கட்கிழமை காய்ந்திருக்கிறது, வியாழக்கிழமை இலை நனைந்த புல்லைப் போலப் பேசுகிறது. மாமா செவ்வாய்க்கிழமைதோறும் பென்ஷனர் சங்கக் கூட்டத்துக்குப் போகிறவர்.

செவ்வாய்க்கிழமை காலையில் காலேஜுக்குப் போவதாகக் கீழே சொல்லிவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மேலே ஏறி, சின்டெக்ஸ் டேங்குக்குப் பின்னால் சோப்ளாங்கியோடு உட்கார்ந்துகொண்டேன். கொஞ்ச நேரத்தில் மாமா வந்தார். பன்னிரண்டு நாமமும் பளிச்சென்று, கையில் பித்தளைச் சொம்போடு வந்தார். அட்டையை ஒருமுறை படித்தார். குனிந்து காய்ந்த வரிசைப் புல்லை நுனி நுனியாகக் கிள்ளினார். ஒரு பிடி சேர்ந்ததும் வாழை நாரால் கட்டினார். இன்னொரு பிடி கிள்ளி அதையும் கட்டினார். பிறகு சொம்புத் தண்ணீரை, குழந்தைக்குத் தலைக்கு ஊற்றுகிற பதத்தில், வரிசை முழுக்க ஊற்றினார்.

"மாமா, என்ன பண்றீங்க?"

சொம்பு கீழே விழுந்து உருண்டது. மாமா அதைப் பிடிக்கக்கூட இல்லை. கீழே காட்டி, வாயில் விரலை வைத்தார்.

"மாமி காதுல விழப்போறது. மெதுவா."

"எதுக்கு மாமா புல்லு?"

"தும்பிக்கையாழ்வாருக்கு," என்றார். கொஞ்சம் நின்று, "பிள்ளையாருக்குத்தான்," என்று ஒப்புக்கொண்டார்.

பெருமாளைத் தவிர வேறு வாசல் மிதிக்காத வம்சம் பாலம் தாண்டி மலைக்கோட்டை அடிவாரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. பென்ஷனர் சங்கம் என்று வீட்டில் பெயர். டவுன் பஸ்ஸில் யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்று, கொரோனா காலத்து மாஸ்க் ஒன்றை மாட்டிக்கொள்வாராம். நெற்றி நிறைய நாமம் தெரிய, வாயை மட்டும் மூடிக்கொண்டால் யாருக்குத் தெரியாது என்று நினைத்தாரோ. அருகம்புல்லைக் கடையிலும் வாங்க முடியாது. கோபுர வாசலில் பூ விற்கும் அக்காவுக்கு மாமியோடு தினமும் அரட்டை உண்டு.

"சரி மாமா, தண்ணி ஊத்துற வரிசையில கிள்ளக் கூடாதா? நல்லாத்தானே இருக்கு அது?"

"அது நீ ஆசையா வளக்கறது. இதுல தண்ணி ஊத்தாதேன்னு நீயே எழுதி வெச்சிருக்கே. சாகப்போற புல்லுலேர்ந்து எடுத்தா உனக்கு நஷ்டம் இல்லையேன்னு எடுத்தேன்." குரல் இறங்கியது. "எடுத்தப்பறம் பாத்தா பாவமா இருந்தது. வாங்கிண்டதுக்குப் பதில் குடுக்காம எப்படிப் போறது? அதான் ஒரு சொம்பு."

"பிள்ளையார்கிட்ட என்ன மாமா வேண்டிக்கிட்டீங்க?"

மாமா கையில் இருந்த இரண்டு கட்டுகளில் ஒன்றை உயர்த்திக் காட்டினார். "இது உனக்கு. தவளை வாத்தியார்கிட்ட மாட்டிக்காம நீ தீசிஸக் குடுத்துடணும்னு. விக்னம் வரப்படாதோல்லியோ."

எனக்குக் கோபம்தான் வர வேண்டும். வந்ததும் உண்மை. ஆனால் விக்னம் வரக் கூடாது என்று என் தீசிஸைக் கிள்ளிக் கிள்ளி விக்னேஸ்வரனுக்கே சாத்திய மனிதரை என்ன சொல்லித் திட்டுவது? சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் அழுகை வந்தது. மாமா பயந்துபோய்த் துண்டை நீட்டினார். இன்னொரு கட்டு யாருக்கு என்று கேட்டேன். "அது வேற விஷயம்," என்று பேச்சை முடித்துவிட்டார்.

மறுநாள் சாரிடம் போனேன். முழுக்கதையையும் சொன்னேன். நாமம், மாஸ்க், சொம்பு எதையும் விடவில்லை. சார் முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. கடைசியில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, நாலு வருஷத்தில் முதல் தடவையாக அளக்காமல் சிரித்தார்.

"அப்போ உன் பூஞ்சை அந்தப் பெரியவரை ஆடுன்னு நினைச்சிருக்கு."

"ஆமா சார்."

"இந்த டேட்டாவுல தண்ணியும் கலந்திருக்கு, கிள்ளினதும் கலந்திருக்கு. இதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா கேள்வி நல்ல கேள்வி. வறட்சியை விடு. எல்லாத் தொட்டிக்கும் ஒரே மாதிரி தண்ணி ஊத்து. பாதியைக் கிள்ளு, பாதியைத் தொடாதே. மேய்ச்சல் வந்தா பூஞ்சை என்ன பண்ணுதுன்னு பாரு. புல்லுதானே, சீக்கிரம் வளந்துடும். மே மாசத்துக்குள்ள முடிச்சுடலாம்."

"யார் சார் கிள்றது?"

"முதல்ல கிள்ளினவரே கிள்ளட்டும். அதே கை, அதே கிழமை, அதே ரெண்டு பிடி. அப்பதான் பழசோட ஒப்பிட்டுப் பாக்க முடியும்."

இப்படித்தான் மாமா என் ஆராய்ச்சியில் அதிகாரபூர்வமான ஆடு ஆனார். மாமியிடம், "சயின்ஸுக்கு ஒத்தாசை பண்றேன்" என்று கம்பீரமாகச் சொல்லிவிட்டு, செவ்வாய்க்கிழமை காலையில் யாருக்கும் ஒளியாமல் படியேறினார். கிள்ளிய புல் எங்கே போகிறது என்பது மட்டும் எங்கள் மூன்று பேருக்குள் இருந்தது. இந்தத் தடவை படத்தில் மூலையில் தனியாக நின்ற புள்ளி எதுவும் இல்லை. கிள்ளிய தொட்டிகளில் எல்லாம் பூஞ்சை கசப்பு மருந்தைக் காய்ச்சியது. கிள்ளாதவற்றில் சும்மா இருந்தது. மே மாதம் சார் தன் அறையைக் காலி செய்வதற்கு முன், தீசிஸைக் கையெழுத்துக்காக அவர் மேஜையில் வைத்தேன்.

சில மாதங்கள் கழித்து வைவா என்ற வாய்மொழித் தேர்வு. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்பதால் அப்பா லால்குடியிலிருந்து ரயிலேறி வந்திருந்தார். சாரும் வந்திருந்தார். மாமா முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, பக்கத்தில் முழங்காலை நீவிக்கொண்டு மாமி. பேசி முடித்தேன். வெளியூரிலிருந்து வந்திருந்த எக்ஸாமினர் தீசிஸைப் புரட்டினார்.

"மெத்தட்ஸ்ல ஒரு சந்தேகம். ஏன் செவ்வாய்க்கிழமை மட்டும்? அப்புறம், ஒவ்வொரு தடவையும் ரெண்டு பிடி கிள்ளியிருக்கீங்க. கிள்ளின புல்லை என்ன பண்ணீங்கன்னு எங்கயும் எழுதலியே? எடை போட்டிருக்கலாமே. எங்க போச்சு அதெல்லாம்?"

நல்ல கேள்வி. பதில் சொல்லாவிட்டால் என் பட்டம் தொங்கும். சொன்னால் மாமாவின் தலை உருளும். மாமா மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார், அதுவும் ஓடாத மின்விசிறி. சார் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார். "அது வந்து சார்," என்று நான் மூன்றாவது தடவையாக ஆரம்பித்தபோது, முன்வரிசையிலிருந்து குரல் வந்தது.

"மலைக்கோட்டைப் பிள்ளையாருக்குப் போச்சு சார்," என்றார் மாமி. "இவர்தான் கொண்டுபோனார். செவ்வாய்க்கிழமைதான் இவருக்குப் பென்ஷன் சங்கம். மத்த நாள்ல நான் பெருமாள் கோவிலுக்கு அழைச்சுண்டு போயிடுவேன்."

ஹால் முழுக்கச் சிரித்தது. எக்ஸாமினர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அதையும் ஒரு வரி சேர்த்துடுங்க," என்றார். அவ்வளவுதான். அப்பா எல்லோரையும்விடச் சத்தமாகக் கைதட்டினார். அருகம்புல்லுக்கு அவர் கைதட்டியது அதுவே முதலும் கடைசியும்.

திரும்பும்போது நான், மாமா, மாமி மூன்று பேரும் ஒரே ஆட்டோவில் வந்தோம். சத்திரம் பஸ் ஸ்டாண்ட் தாண்டியதும் மாமா மாமியைப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"மாஸ்க் போட்டுண்டா ஆம்படையான அடையாளம் தெரியாதா? பூக்காரி போன வருஷமே சொல்லியாச்சு. ஏதோ மனசுல இருக்கு, போயிட்டு வரட்டும்னு விட்டேன்." மாமி என் பக்கம் திரும்பினார். "அது சரி, ரெண்டு பிடின்னு புஸ்தகத்துல எழுதியிருக்கியே. ஒண்ணு உனக்குன்னு வெச்சுக்கோ. இன்னொண்ணு யாருக்கு?"

நான் மாமாவைப் பார்த்தேன். ஆட்டோ பாலத்தில் ஏறியிருந்தது. மாமா காவிரியைப் பார்த்துக்கொண்டே, "உன் முழங்காலுக்கு," என்றார்.

மாமி புடவைத் தலைப்பை இழுத்து முழங்கால்மேல் போட்டுக்கொண்டார். பாலம் முடியும் இடத்தில் சொன்னார்.

"முழங்கால் இன்னும் வலிச்சுண்டுதான் இருக்கு." முழங்காலை ஒருமுறை நீவிவிட்டு, "அடுத்த செவ்வாய்க்கிழமை நானும் வரேன். அடிவாரத்துப் பிள்ளையார்தானே, படி ஏற வேண்டாமே?"